கமான் போல்ட்டைக் கப்பல் கட்டி இழுத்த கதை

உப்பளத்து ரோட்டில் வரும்போதே ஜெனோவாவின் குட்டியானை வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் கமான் பட்டையைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி, பாதியில் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. வண்டி நிறைய ஐஸ் பெட்டி. பொழுது சாய தருவைகுளத்தில் படகுகள் கரைக்கு வந்துவிடும். அதற்குள் போய்ச் சேராவிட்டால் மீனை வேறு வண்டிக்காரன் ஏற்றிக்கொள்வான், வாடிக்கையும் அவனோடு போய்விடும். உருட்டி உருட்டிப் பெலவேந்திரன் பட்டறையில் கொண்டு நிறுத்தினாள்.

பெலவேந்திரன் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் கை ஓட வேண்டுமென்றால் கூடவே வாயும் ஓட வேண்டும். வண்டிக்கு அடியில் நுழைந்து முறிந்த துண்டைத் தடவிப் பார்த்தார். உருகிய ஐஸ் அவர் நெற்றியில் சொட்டியது.

"இதெல்லாம் ஒரு துருவா பிள்ள? முன்னால ஒரு உப்பு லாரி வந்துச்சு. அந்தத் துருவப் பாத்திருந்தா, இத நீ வெள்ளி முலாம்னு சொல்லுவ."

"கத அப்புறம் அண்ணாச்சி. ஐஸ் உருகுது."

"கை பாட்டுக்கு வேல பாக்கும்."

பார்க்கத்தான் செய்தது. துண்டின் தலையில் ஒரு நட்டை வைத்து, பக்கத்துக் கடை வெல்டர் லிங்கதுரையைக் கூப்பிட்டுப் பற்றவைக்கச் சொன்னார். சூடு ஆறினால்தான் துரு பிடிவிடும். ஆறும்வரை என்ன செய்வது?

"அந்த உப்பு லாரி போல்ட்டுக்கு முதல்ல மண்ணெண்ணெ ஊத்துனேன். ஊத்த ஊத்தக் குடிக்கிது. ஊர்ல ஒரு வீட்லயும் அடுப்பெரியல."

"எல்லா வீட்லயும் கேஸ் இருக்கே, வே," என்றார் லிங்கதுரை.

"கேஸ் வந்ததே அதுக்கப்புறந்தான். பெறவு சுத்தியல எடுத்து அடிச்சேன். சுத்துப்பட்டில எல்லாம் கோயில் மணின்னு நெனச்சு ஜனம் குளிச்சுட்டு வந்து நிக்கிது."

"அசைஞ்சுதா?" ஜெனோவா வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"போல்ட் அசையல. பட்டறைதான் நகந்துட்டு. அதுவரைக்கும் இது ரோட்டுக்கு அந்தப் பக்கம்லா இருந்துச்சு. சரின்னு நெருப்பு வச்சுக் காய்ச்சுனேன். அந்தச் சூட்டுல கடல்ல மீன் வெந்து மெதக்குது. ஜனம் சோத்துச் சட்டியோட கரைக்கு வந்துட்டு."

"குழம்பு?" என்றார் லிங்கதுரை.

"புளி மட்டும் நாமதான் கரைச்சு ஊத்தணும். பொய் சொல்ல மாட்டேன்."

பேசிக்கொண்டே ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். கிரீச்சென்று முனகி, முறிந்த துண்டு நட்டோடு கழன்று தரையில் விழுந்தது.

"வந்துட்டு அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா.

"இது வரும். அது வரலியே." புதுப் போல்ட்டைக் கையில் எடுத்தவர், மாட்டாமல் அதை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஜெனோவா வாயைத் திறக்கப் போனாள். லிங்கதுரை அவள் காதோரம் குனிந்தார். "அவசரப்படுத்தாத தாயி. போன தடவ ஒரு டிரைவர் அவசரப்படுத்தி, மொதல்ல இருந்து ஆரம்பிச்சிட்டாரு."

"கடைசில ஹார்பர்ல நின்ன கப்பல்ல வடத்தக் கட்டுனேன். கப்பல் இழுக்குது. போல்ட் வரல, லாரி வருது. லாரியோட ரோடும் பாயச் சுருட்டுன மாதிரி வருது. ரோட்டோரத்து வீடெல்லாம் பின்னாலயே வருது. ஒரு அம்மா வாசல்ல கோலம் போட்டுட்டு இருக்கு, இங்க வச்ச புள்ளிய அடுத்த ஊர்ல சேக்குது."

அடுத்த ஊருக்கு அடுத்த ஊர் வரும், அப்புறம் மதுரை வரும் என்று ஜெனோவாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே பதறினாலும் குரலை நிதானமாக வைத்துக்கொண்டாள்.

"அப்பத்தான அண்ணாச்சி வடம் அறுந்துச்சு?"

பெலவேந்திரன் தடுமாறினார். "அறுந்துச்சு. ஒனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பா அன்னிக்கு கட்டுமரத்துல இருந்தாக. போல்ட் பிச்சுக்கிட்டு அவுக தலைக்கு மேல பறந்துச்சாம். நேரா போயி நிலாவுல ஏறிட்டு. அதுவரைக்கும் நிலா லொடலொடன்னு ஆடிக்கிட்டுல்லா கெடந்துச்சு. இப்ப ஆடாம நிக்கிதுன்னா அந்தப் போல்ட்டுதான். மாசத்துக்கு ஒருக்கா நிலாவ எறக்கி வச்சுட்டு, போல்ட்டக் கழட்டி எண்ணெ போடணும். அன்னிக்குத்தான் அமாவாச. எங்கப்பாதான் போயிட்டு வருவாக."

லிங்கதுரை வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். பெலவேந்திரன் வண்டிக்கு அடியில் போனார். போல்ட்டை ஏற்றி, நட்டை முறுக்கி, வெளியே வந்து கையைக் காட்டிப் போகச் சொன்னார். அவர் வாய் திறக்காமல் முடித்த வேலை லிங்கதுரைக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஜெனோவா கரையில் வண்டியைத் திருப்பும்போது முதல் படகு அப்போதுதான் நங்கூரம் போட்டது. மீனை ஏற்றி, ஐஸைக் கொட்டி மூடும் நேரம் போன் அடித்தது. பெலவேந்திரன்.

"பிள்ள, இம்புட்டு நேரமா யோசிச்சுப் பாத்தேன். அவ்வளவு ஒசரத்துல எண்ணெ தாங்காது. அப்பாவ கிரீஸ் போடச் சொல்லு."