காட்டெருது வாங்கிக்கொண்ட ‘வேண்டாம்’

ஒரு காட்டில் ராஜா கிடையாது. வெகுகாலத்துக்கு முன்பு ஒரு புலி அங்கே ராஜாவாக இருந்து எல்லாரையும் படாதபாடு படுத்தியது. அதைத் துரத்திவிட்ட அன்று மிருகங்கள் கூடி, “இனி இந்தக் காட்டில் ராஜா என்ற பேச்சே கூடாது” என்று சத்தியம் செய்துகொண்டன. ரோமாபுரி மனிதர்களும் இப்படித்தான் ஒரு ராஜாவைத் துரத்திவிட்டு, ராஜா இல்லாமலே நெடுங்காலம் இருந்தார்கள். அதைப் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. இது காட்டுக் கதை.

அந்தக் காட்டில் வருஷத்துக்கு இரண்டு தலைவர்கள். எந்தக் காரியமானாலும் ஊற்றங்கரைப் பாறையில் கூட்டம் போடுவார்கள். “சரிதானா?” என்று தலைவர்கள் கேட்பார்கள். யாராவது ஒருவர், அது முயல்குட்டியாக இருந்தாலும் போதும், “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். அதுதான் அங்கே சட்டம்.

நல்ல சட்டம்தான். ஆனால் தலைவலி பிடித்த சட்டம். ஆள்காட்டிக் குருவி என்று ஒன்று இருந்ததே, அதற்கு “வேண்டாம்” என்று கத்தாவிட்டால் பொழுதே போகாது. எந்தத் துறையில் தண்ணீர் குடிப்பது என்று முடிவு செய்யவே மூன்று நாள் ஆகும்.

ஒரு வருஷம் செந்நாய்கள் காட்டுக்குள் புகுந்துவிட்டன. அந்த வருஷம் கடமானும் கரடியும் தலைவர்கள்.

“கிழக்கே ஓடலாம்” என்றது கடமான்.

“வேண்டாம், மேற்கே” என்றது கரடி.

இரண்டும் முறைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஏழு மான்குட்டிகள் செந்நாய்களுக்கு இரையாகிவிட்டன. அப்போது ஒரு காட்டெருது எழுந்தது. அது யாரையும் கேட்கவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. செந்நாய்கள் விழுந்தடித்து ஓடின.

“நீங்களே எங்களுக்கு ராஜாவாக இருங்கள், ஐயா!” என்று கடமான் அழுதுகொண்டே சொன்னது.

“சேச்சே, ராஜாவா? சத்தியம் மறந்துபோச்சா?” என்றது காட்டெருது. “தலைவர்கள் இருவரும் இருக்கட்டும். கூட்டமும் நடக்கட்டும். நீங்கள் எல்லாரும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்தித் தொண்டை வற்றிப்போவதைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. அந்தச் சிரமத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். உங்கள் எல்லாருக்காகவும் நான் ஒருவனே சொல்லிக்கொள்கிறேன்.”

“ஆகா, எவ்வளவு பெரிய மனசு!” என்றது காட்டுப்பன்றி. அது காரியக்காரப் பன்றி. காற்றடிக்கும் பக்கம் பார்த்துத்தான் உறுமும்.

“வேண்டாம்!” என்று ஆள்காட்டிக் குருவி கத்தியது. “கொடுத்துவிடாதீர்கள்! வேண்டாம்!”

சட்டப்படி பேச்சு அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

“உனக்கு எப்போதும் இதே வேலை!” என்று பன்றி அதட்டியது. எல்லாம் சிரித்தன. ஒரு ‘வேண்டாம்’ சொல்லியும் அந்தக் காடு கேட்காமல் போனது அன்றுதான் முதல் தடவை.  குருவி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் பறந்துபோயிற்று.

அதன்பின் காட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? செந்நாய்கள் வரவில்லை. கூட்டம் கூடிய உடனே முடிந்தது. தலைவர்கள் பெயருக்கு இருக்க, காட்டெருதே “சரிதானா?” என்று கேட்கும். “சரி” என்று சொல்லிவிட்டு எல்லாம் மேயப் போய்விடும்.

காட்டெருதுக்குத்தான் மனசு சரியில்லை. அது ஊற்றுக்கு வந்தால் மற்றவை ஒதுங்கி வழிவிட்டன. தனியாகக் குடித்தது, தனியாகத் திரும்பியது. முன்பெல்லாம் கொம்போடு கொம்பு மோதி விளையாடிய கடமான் இப்போது நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒருநாள் அது வேண்டுமென்றே கூட்டத்தில் சொன்னது: “நிலா ஏன் பாதியாகிவிட்டது தெரியுமா? மீதியை நான்தான் கடித்துத் தின்றேன்.”

“சரி” என்றன எல்லாம்.

காட்டெருதுக்கு அழுகை வந்துவிட்டது. நேரே ஆற்றைக் கடந்து குருவியிடம் போயிற்று.

“குருவியே, எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லேன்.”

“நீங்கள் சொல்லச் சொல்லி நான் சொன்னால் அது எப்படி ‘வேண்டாம்’ ஆகும்? அதுவும் ஒரு ‘சரி’தானே?” என்றது குருவி. “வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்களேன்.”

காட்டெருது யோசித்தது. பழைய கூச்சல் காதில் கேட்டது. திருப்பிக் கொடுக்க அதற்கு மனசு வரவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டது.

அடுத்த கோடையில் ஊற்றும் ஆறும் வற்றின. காட்டோரத்தில் இருந்த பெரிய ஏரிக்கு அப்பால் மலையடியில் மட்டும் பச்சை தெரிந்தது.

“ஏரியைச் சுற்றிப் போனால் இரண்டு நாள் ஆகும்” என்றது காட்டெருது. “ஏரிதான் காய்ந்து கிடக்கிறதே, நேரே நடந்துவிடலாம். சரிதானா?”

“சரி!” என்றன எல்லாம். எல்லாவற்றிலும் உரக்கச் சொன்னது பன்றி. அது அந்த ஏரிச்சேற்றிலேயே புரண்டு வளர்ந்தது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஆளை விழுங்கும் சேறு என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

“யாருக்காவது வேறு யோசனை உண்டா? பயப்படாமல் சொல்லுங்கள்” என்று காட்டெருது கெஞ்சாத குறையாகக் கேட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது முன்னால் நடந்தது.

நடு ஏரியில் தரை உடைந்தது. காட்டெருது வயிறு வரை உள்ளே இறங்கிவிட்டது.

“இங்கே சேறு இருப்பது உங்களில் யாருக்குமே தெரியாதா?” என்று அலறியது.

“எனக்குத் தெரியுமே” என்றது பன்றி.

“பின்னே ஏன் தடுக்கவில்லை?”

“‘வேண்டாம்’ சொல்வது தங்கள் வேலை அல்லவா, ஐயா?” என்று பன்றி பணிவாகச் சொன்னது.

பின்னால் நின்ற குட்டிகளின் காலடியிலும் தரை விரிசல் விட ஆரம்பித்தது. காட்டெருது அதைப் பார்த்தது. “யாரும் கிட்டே வராதீர்கள். எல்லாரும் திரும்பிப் போய்விடுங்கள்” என்றது.

சொல்லிவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. ‘வேண்டாம், உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டோம்’ என்று ஒரே ஒருவராவது சொல்ல மாட்டார்களா என்று அது ஏங்கியது. கடமானின் முகத்தையே வெகுநேரம் பார்த்தது.

“சரி” என்றன எல்லாம். திரும்பி நடந்தன.

கரையில் ஏறும்போது கடமான் கேட்டது: “இனிமேல் நமக்காக ‘வேண்டாம்’ சொல்வது யார்?”

“அந்தச் சிரமத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது பன்றி.

“சரி” என்றன எல்லாம்.

சேற்றுக்குள் கிடந்த காட்டெருதின் காதில் அது விழுந்தது. தன் உயிரைக்கூட மறந்துவிட்டு, “வேண்டாம்! கொடுக்காதீர்கள், வேண்டாம்!” என்று தொண்டை கிழியக் கத்தியது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீதி: பிறர் தடுத்துப் பேசும் உரிமையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டவனைக் காப்பாற்றத் தடுத்துப் பேசவும் ஆள் இருக்காது.