முன்கூட்டியே அச்சான மரம் நடு விழா

நெட்டேரிக் கல்லூரியில் படித்தவர்கள் அதிகம். படிக்காதவர் ஒரே ஒருவர்தான்: ஆபீஸ் அட்டெண்டர் சடையாண்டி. இப்போது சொல்லப்போகும் காரியத்தில் அவரும் போய்ச் சேர்ந்துகொண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தது அவர் இல்லை. அதற்கு எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் தேவைப்பட்டது.

அந்தக் கல்லூரியில் வருசா வருசம் ஐப்பசியில் மரம் நடு விழா நடக்கும். மழைக்காலத்துச் செய்திகளையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்து எட்டுப் பக்கத்தில் ஒரு செய்திமடலும் வெளிவரும். அதை அச்சடிப்பது சிவகாசியில். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே எல்லா அச்சகமும் காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். எட்டுப் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால் இந்த வருசம் புரட்டாசியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் முதல்வர் தாயுமானவர்.

அந்த வேலை தமிழ்த்துறை அம்பலவாணனிடம் வந்தது. நடக்காத விழாவுக்குச் செய்தி எப்படி எழுதுவது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன வருசச் செய்தியை எடுத்தார், வருசத்தை மட்டும் மாற்றினார், அனுப்பிவிட்டார்.

ஐந்நூறு பிரதி வந்து இறங்கியது. முதல்வர் மூன்றாம் பக்கம் வரைக்கும் சந்தோசமாகப் படித்தார். அப்புறம் கமிட்டியைக் கூப்பிட்டார்.

"இருபத்திரண்டு வருசமா நம்ம செய்திமடல்ல ஒரு பொய் வந்ததில்லை" என்றார். "இந்த வருசமும் வரக்கூடாது. இதுல என்ன இருக்கோ அது அப்படியே நடக்கணும். ஒரு வரி கூடக் கூடாது, ஒரு வரி குறையக் கூடாது."

அதில் இருந்தது இதுதான்:

'சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற தாசில்தார் வாகனத்தில் வந்து இறங்கினார். 10.40 மணிக்கு எதிர்பாராத பெருமழை கொட்டியது. மாணவர்கள் திகைத்தனர். பதினோரு மணிக்கு மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. நட்ட கன்றுகளில் இரண்டை ஒரு மாடு தின்றது. அட்டெண்டர் சடையாண்டி தேநீர்த் தட்டோடு வழுக்கி விழுந்து, முதலுதவி அறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். பின்பு வீட்டில் பன்னிரண்டு நாள் ஓய்வெடுத்தார். விருந்தினரின் ஓட்டுநருக்குப் பொன்னாடை அணிவிக்கப்பட்டது.'

இதை முதல்வர் உரக்கப் படித்தபோது சடையாண்டி அங்கேதான் தேநீர்த் தட்டோடு நின்றார். தட்டை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்தப் பொன்னாடை அவருக்கென்று வாங்கியது. இருபத்தொன்பது வருசம் மணியடித்தவர் என்று போன வருசம் அவரைக் கௌரவிக்க ஏற்பாடு. பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் அவர் முதலுதவி அறையில் குப்புறக் கிடந்தார். ஜரிகைப் பொன்னாடையை அட்டையிலிருந்து பிரித்தாகிவிட்டது. கடைக்காரன் மடித்தமாதிரித் திரும்ப மடிக்க மூன்று பேராசிரியர்கள் முயன்று தோற்றார்கள். சும்மா வைத்திருக்க முடியாது என்று, பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த, தாசில்தாரின் டிரைவர் பாண்டித்துரையின் தோளில் போர்த்திவிட்டார்கள். கைதட்டலும் நடந்தது. அறையில் கிடந்த சடையாண்டிக்கு அது நன்றாகக் கேட்டது. அன்றிலிருந்து அவர் எந்த டிரைவரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பஸ்ஸில் போனாலும் பின்வாசல் வழியாகத்தான் ஏறுவார்.

இந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். இந்த விழாவை விட்டால் வேறு விழா இல்லை.

"ஐயா, இந்த வருசம் நான் விழ மாட்டேன்" என்றார். "எனக்குப் பொன்னாடை வேணும்."

கமிட்டி யோசித்தது. கணக்குத்துறை யேசுவடியான் செய்திமடலை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"சடையாண்டிண்ணே, உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் கோபம் கிடையாது. ஆனா இதுல டிரைவருக்குன்னுல்ல போட்டிருக்கு?"

"அப்ப என்னை டிரைவராப் போடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சடையாண்டிக்கே தெரிந்தது. ஆனால் அறையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை.

"கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"மொபெட் ஓட்டுவேன்."

"வாகனத்தில் வந்து இறங்கினார்னுதான் இருக்கு. என்ன வாகனம்னு இல்லை. மொபெட் தாராளமா வரலாம்."

"வரலாம் சார். ஆனா விழுறது யாரு?" என்றார் யேசுவடியான். "விழுந்தது சடையாண்டி. பொன்னாடை வாங்கினது டிரைவர். இவர் டிரைவராப் போயிட்டா, சடையாண்டி இடம் காலியா கிடக்கே."

செய்திமடல் மேசையை இரண்டு சுற்று வந்தது. கடைசியில் தாவரவியல் திலகராணி, "சார், டிரைவர் பாண்டித்துரைக்கு அன்னிக்கு வேலை இருக்காதே" என்றார்.

எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அன்றைக்கே ஆபீஸ் ஆர்டர் தயாரானது. விழா தொடர்பான காரியங்கள் யாவும் முடியும் வரை சடையாண்டி டிரைவர், பாண்டித்துரை சடையாண்டி. முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை, கீழே சடையாண்டியின் கையெழுத்து. அது மட்டும் போட அவருக்குத் தெரியும்.

பாண்டித்துரை முப்பத்திரண்டு வயசுப் பையன். ஆர்டரைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"விழுந்தா மட்டும் போதுமா சார்?"

"விழுந்தா போதும்."

"பொன்னாடையைப் பெரியவரே வச்சுக்கிடட்டும் சார். போன வருசம் குடுத்ததை எங்கூட்டுல தலகாணி உறையாத் தைச்சுட்டா. ஜரிகை கழுத்தைக் குத்துது."

சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்து மழை. அந்த ஐப்பசியில் நெட்டேரியில் ஒரு சொட்டு இல்லை. மேல்நிலைத் தொட்டியில் இரண்டு ரப்பர் குழாயைச் செருகி, கையில் கடிகாரத்தோடு யேசுவடியான் மொட்டைமாடிக்குப் போவது என்று முடிவானது. மழை எதிர்பாராதது என்பதால் மாணவர்களுக்குத் திகைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள் ஒத்திகை நடந்தது. முதல் நாள் நன்றாகத் திகைத்தவர்கள் மூன்றாம் நாள் சரியாகத் திகைக்கவில்லை என்று இருபது பேருக்கு அபராதம் போட்டார்கள்.

மாடுதான் தொந்தரவு கொடுத்தது. போன வருசம் நட்டது அகத்தி. மாடு ஆசையாகத் தின்றது. இந்த வருசம் வந்திருந்தது புங்கங்கன்று. மாட்டைக் கொண்டுவந்து காட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றது.

"வேற மாடு பார்ப்போமா?"

"ஏழு மாடு பார்த்தாச்சு சார். ஒண்ணும் தேறலை" என்றார் திலகராணி.

"மாடு எதைத்தான் விரும்பித் திங்குது?"

"பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் திங்குது சார். மைதா பசைக்காக."

அது நல்ல யோசனையாகப் பட்டது. விழா போஸ்டரையே இரண்டு கன்றுக்குப் பசை தடவிச் சுற்றிவிட்டார்கள். மீதிப் பசையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேடைக்குப் பின்னால் முதல்வர் படம் போட்ட போஸ்டரை இன்னும் கொஞ்சம் கனமாக ஒட்டினார்கள்.

விழா நாள் வந்தது.

சடையாண்டி காக்கிச் சட்டை போட்டு, தாசில்தார் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி ஹாரன் அடித்தார். தாசில்தார் சபாரி உடையில் இறங்கி வந்தார். மொபெட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து கதவைத் தேடினார். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, "கண்ணாடியை ஏத்திவிடுப்பா, தூசியடிக்கும்" என்றார். சடையாண்டி பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டையும் மேலே திருப்பிவிட்டார். தாசில்தாருக்குத் திருப்தி.

சரியாகப் பத்து நாற்பதுக்கு மொட்டைமாடியிலிருந்து மழை பெய்தது. மூன்று வரை எண்ணியதும் மாணவர்கள் திகைத்தார்கள். முதல்வர் மேடையில் செய்திமடலை மடியில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக 'டிக்' அடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு மழை நின்றது. டிக்.

மாடு வந்தது. முதல் கன்றைப் போஸ்டரோடு தின்றது. இரண்டாவதையும் தின்றது. டிக். மூன்றாவதை நோக்கிக் கழுத்தை நீட்டியபோது திலகராணி ஓடிப்போய் அந்தக் கன்றைக் கட்டிக்கொண்டார். விழா முடியும் வரை அப்படியே நின்றார். மாடு ஏமாந்து மேடைக்குப் பின்னால் போய் முதல்வரின் படத்தைக் காலிலிருந்து தின்ன ஆரம்பித்தது. செய்திமடலில் அது இல்லாததால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பாண்டித்துரை தேநீர்த் தட்டோடு வந்து, குழாய்த் தண்ணீரில் வழுக்கி விழுந்தான். நடிக்கத்தான் வந்தான், நிஜமாகவே விழுந்துவிட்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மா!" என்றான்.

"அம்மான்னு இதுல இல்லையே" என்று முதல்வர் முகம் சுளித்தார். நான்கு பேர் அவனைத் தூக்கிப் போனார்கள். டிக்.

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்து, நிஜ மழை பிடித்துக்கொண்டது. தாசில்தார் குடையை விரித்தார்.

"ஐயா, தயவு செஞ்சு குடையை மடக்குங்க" என்று அம்பலவாணன் அவர் காதில் சொன்னார். "பதினோரு மணியிலேர்ந்து நல்ல வெயில்."

தாசில்தார் மடக்கினார். முதல்வர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாணவர்கள் கொட்டுகிற மழையில் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். ஒருவன், "என்னா வெக்கைடா" என்றான். அவனுக்கு அபராதம் ரத்தானது.

"அடுத்து, நம் சிறப்பு விருந்தினரின் ஓட்டுநருக்குப் பொன்னாடை!"

முப்பது வருசம் அந்த மேடைக்கு நாற்காலி தூக்கியவர் அன்றைக்குத்தான் வெறுங்கையோடு ஏறினார். தாசில்தார் போர்த்தினார். சொட்டச் சொட்ட நனைந்த பொன்னாடை, கனமாகத் தோளில் அமர்ந்தது. கைதட்டல் இந்தத் தடவை பக்கத்திலேயே கேட்டது. சடையாண்டி அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

தாசில்தாரை வீட்டில் இறக்கிவிட்டு, பொன்னாடையைக் கழற்றாமல் நேரே தன் வீட்டுக்குப் போனார். மனைவி வெள்ளத்தாயிக்குக் காட்ட வேண்டும். போன வருசம் வெறும் கையோடு தூக்கிவந்து போட்டார்களே, அந்த மனுசன் இப்போது எப்படி வருகிறான் பார் என்று காட்ட வேண்டும்.

வாசலில் வெள்ளத்தாயி உதட்டில் விரல் வைத்தாள்.

"வாங்க டிரைவரு. சத்தம் போடாம வாங்க. அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு."

உள்ளே கட்டிலில் பாண்டித்துரை கிடந்தான். இடுப்பில் எண்ணெய் பளபளத்தது. பக்கத்தில் கோழிச்சாறு குடித்த கிண்ணம்.

"வெள்ளத்தாயி, என்னடி இது? நான்தான்டி!"

"டிரைவரே, மரியாதையாப் பேசுங்க. எங்க வீட்டுக்காரர் படுத்திருக்காரு, எந்திரிச்சார்னா நல்லாயிருக்காது." இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "காலேஜ்ல கூப்பிட்டுக் குடுத்தாங்க. பன்னெண்டு நாள் வீட்டுல வச்சுப் பாக்கணுமாம். எனக்கும் முகம் கொஞ்சம் மாறித்தான் தெரிஞ்சுது. விழுந்த அதிர்ச்சியில அப்படித்தான் இருக்கும்னு கணக்கு சார் சொன்னாரு."

சடையாண்டி காகிதத்தைப் பார்த்தார். முத்திரை இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. போட்ட கையெழுத்தை இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்தார்.

வெள்ளத்தாயி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"முப்பது வருசம் மணியடிச்ச மனுசன். ஒரு நாள் பிந்தினதில்லை. அவருக்குன்னு வாங்கின பொன்னாடையைப் போன வருசம் ஒரு டிரைவருக்குப் போட்டாங்க. இந்த வருசமும் பாருங்க, விழுந்து கிடக்காரு, நீங்க போட்டுக்கிட்டு வந்து முன்னால உக்காந்திருக்கீங்க. இது அடுக்குமா டிரைவரே?"

சடையாண்டி காபியைக் கீழே வைத்தார். இந்த டிரைவர்களே இப்படித்தான் என்று நினைத்தார். ஒரு வருசமாக மனசில் கிடந்த ஆத்திரமெல்லாம் ஒன்றாகப் பொங்கியது. எழுந்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து நன்றாகப் பிழிந்து உதறி, கட்டிலில் கிடந்தவன் மேல் கழுத்து வரை போர்த்திவிட்டார்.

"இது சடையாண்டிக்குச் சேர வேண்டியதும்மா. இனிமே எந்த டிரைவர் பயலும் இதைத் தொடக் கூடாது."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றாள் வெள்ளத்தாயி. தூக்கத்தில் பாண்டித்துரை ஜரிகையை மட்டும் கழுத்திலிருந்து தள்ளிவிட்டான்.

சடையாண்டி வெளியே வந்தார். மனசு லேசாக இருந்தது. மொபெட்டைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனவர், அங்கே நின்று யோசித்தார். பிறகு பெட்டிக்கடைக்காரரைக் கூப்பிட்டு, டிரைவர் பாண்டித்துரை வீடு எந்தப் பக்கம், ராத்திரிக்கு அங்கே என்ன சமைப்பார்கள் என்று விசாரித்தார்.