நட்சத்திரத்தின் நடுவயிற்றில்

பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இயற்பியல் நடத்திய இன்னாசிமுத்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் முனைவர் பட்டத்துக்காக மறுபடியும் மாணவரானார். அவருடைய குரு தாஹிராவுக்கு அப்போது முப்பத்தைந்து. சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சிஷ்யரை ‘சார்’ என்பார்.

இருவரும் ஆராய்ந்தது செத்துப்போன நட்சத்திரங்களை. ஒரு சூரியனையே நசுக்கி, திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் அடக்கிவிட்டாற்போல இருப்பவை. அதிலிருந்து குன்றிமணி அளவு கிள்ளினால் ஒரு குன்றின் எடை இருக்கும். அத்தனை நெருக்கத்தில், நட்டநடுவில், பூமியில் நிலைத்து நிற்காத விசித்திரத் துகள்கள் பிறக்கும் என்பது இன்னாசிமுத்துவின் கணக்கு. ஆறு வருஷம் போட்ட கணக்கு. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்றே வாரம் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் செய்தி வந்தது. எங்கோ ஒரு வானொலித் தொலைநோக்கியை வைத்து அப்படியொரு நட்சத்திரத்தை எடைபோட்டிருந்தார்கள். இரண்டு சூரியன்களின் எடை.

இன்னாசிமுத்துவின் நட்சத்திரம் ஒன்றேமுக்கால் சூரியன்தான் தாங்கும். அதற்கு மேல் பாரம் ஏறினால், நடுவில் இருக்கும் அந்தத் துகள்கள் வளைந்துகொடுத்துவிடும். நட்சத்திரம் தனக்குள்ளேயே சரிந்து கருந்துளையாகிவிடும்.

செய்தியை அச்செடுத்துக்கொண்டு தாஹிராவின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

“பார்த்தீங்களா மேடம்?”

“பார்த்தேன் சார்.”

“என் நட்சத்திரம் விழுந்துபோச்சு.”

“ஆமா.”

ஒப்புக்காவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குச் சுருக்கென்றது.

“அப்போ நடுவுல என்னதான் மேடம் இருக்கு?”

தாஹிரா “வாங்க” என்று எழுந்து நூலகத்துக்குக் கூட்டிப்போனார். கடைசி அலமாரியில், நீல அட்டை போட்ட ஒரு ஆய்வேட்டை உருவி, தூசியை ஊதிவிட்டு, முடிவுரைக்கு முந்தின பக்கத்தைப் பிரித்து வைத்தார். நட்சத்திரம் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் ஒரு வளைகோடு ஏறிப்போய், எதிலோ முட்டிக்கொண்டதுபோல இறங்கியது. அதற்கு மேலே, பக்கத்தின் குறுக்கே, சிவப்பு மையில் ஒரு நேர்கோடு.

“நூலகப் புத்தகத்துல யார் மேடம் இப்படிக் கிறுக்கினது?”

“நான்தான். ஏடும் என்னுதுதான்.”

இன்னாசிமுத்து குனிந்து அட்டையில் இருந்த பெயரைப் படித்தார்.

“நடுவுல வேற ஒரு துகள் கூழாக் கிடக்கும்னு எழுதினேன்” என்றார் தாஹிரா. “என் நட்சத்திரம் ஒன்றரைதான் தாங்கும். பட்டம் வாங்கின நாலாம் மாசம், அதைவிடக் கனமா ஒண்ணை எடைபோட்டுட்டாங்க.”

“அன்னைக்கு என்ன செஞ்சீங்க?”

“அழுதேன். அப்புறம் பசிச்சுது. சாப்பிட்டுட்டு வந்து அந்தப் புது எடைக்கு நேரே இந்தக் கோட்டைப் போட்டேன்.”

இன்னாசிமுத்துவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. தாஹிராவும் சிரித்தார். பிறகு சட்டென்று பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

பையிலிருந்து தன்னுடைய வளைகோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார் இன்னாசிமுத்து. இரண்டு சூரியனுக்கு நேரே பேனாவை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். கோடு வளைவுக்கு வெகு மேலே விழுந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கனம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது அவருக்கு.

“எனக்கு ஐம்பத்தெட்டு ஆகுது மேடம். இந்தக் கோட்டோட ஏட்டைக் கொடுத்தா யார் பட்டம் தருவாங்க?”

“வாய்மொழித் தேர்வுல முதல்ல என்ன கேட்பாங்க சார்?”

“என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கேட்பாங்க.”

“என்ன சொல்லுவீங்க?”

அவர் வளைவையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நான் சொன்ன மாதிரி அங்கே இல்லைன்னு கண்டேன்... அப்படித்தான் சொல்லணும்.”

“கண்டேன்னு சொல்றீங்களே சார்” என்றார் தாஹிரா. “அப்புறம் என்ன?”