நாற்பது கண்ணும் ஒரு பாயும்

செங்கமங்கலத்து அரசவையில் வேம்பன் என்றால் சமயோசிதப் புலவன் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் நான். ஏனென்றால் அந்த வேம்பன் நானேதான். இந்த ஊரில் நடந்த ஒரு பெரிய முட்டாள்தனத்துக்கும் நானே முதல் ஆள் என்பதால், அதையும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அரசர் வீரகேசரி ஒரு கல்விச்சாலை நடத்தினார். இருநூறு மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். ஓராண்டு அங்கே சுவடி அறையிலிருந்து மருத்துவச் சுவடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என்ன செய்யலாம் என்று அரசர் அவையைக் கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள். நான் யோசிக்கவில்லை. எழுந்து நின்று, “இந்திரனுக்கு ஆயிரம் கண். நம் கல்விச்சாலைக்கு ஒரு நாற்பது கூடாதா, அரசே?” என்றேன்.

கைதட்டல் கிடைத்தது. கூடவே அரசாணையும் பிறந்தது.

சுவருக்குச் சுவர் துளை போட்டார்கள். துளைக்குப் பின்னால் ஓர் ஆள். ஆள் கையில் ஓலையும் எழுத்தாணியும். உண்ணும் கூடம், உறங்கும் கூடம், குளத்தங்கரை என்று ஓரிடம் விடவில்லை. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் ஓரெழுத்து விடாமல் அவையில் படிக்க வேண்டும். படிக்கும் பெருமை, யோசனை சொன்ன எனக்கு.

மாதம் முடிந்தது. அமைச்சர் அநந்தராயர் ஓலைக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தார்.

“திருடன் அகப்பட்டான், புலவரே. குளத்தங்கரை ஓலைகளை மட்டும் புரட்டினேன், அதுவே போதும். ஆதிச்சன் என்று ஒரு மாணவன். தினமும் விடிகிற நேரத்தில் சுருட்டிய பாயோடு குளத்துப் பக்கம் போகிறான். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான். சுவடி பாய்க்குள்தான் போகிறது. நாளை மாணவர் எல்லாரையும் அவைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால் படியும்.”

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆதிச்சனைத் தேடிப் போனேன். பதினைந்து வயது. தரையைப் பார்த்தபடி நின்றான்.

“பாய்க்குள் என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. பாய்தான்.”

“வெறும் பாய்க்குக் குளத்தில் என்ன வேலை?”

அவன் காது சிவந்தது. “தூக்கத்துல எனக்கே தெரியாம நனைஞ்சுடுதுங்க. மத்தவங்க எழுந்திருக்கும் முன்னே அலசிடுவேன்.”

“இதைச் சொல்லிவிட்டால் நீ திருடன் இல்லை என்று ஆகிவிடுமே.”

“வேண்டாங்க ஐயா. திருடன்னே இருக்கட்டும். திருடனை ஊரைவிட்டுத் துரத்துவாங்க. இது தெரிஞ்சா நான் இங்கேயே இருக்கணும்.”

பாயைப் பிரித்துப் பார்த்தேன். அவன் பெட்டியையும் பார்த்தேன். சுவடி எதுவும் இல்லை. கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பையனின் படுக்கை வரை போய்விட்டதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை பரிமாறியபோதுதான் இறங்கியது. பிறகு உட்கார்ந்து ஓலைக்கட்டு முழுவதையும் படித்தேன்.

மறுநாள் அவை நிறைந்திருந்தது. ஆதிச்சன் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். “பாய் சங்கதியைப் படியும்” என்றார் அமைச்சர்.

“ஓரெழுத்து விடாமல் என்பது ஆணை. முதல் ஓலையிலிருந்துதான் படிக்க வேண்டும்” என்று சொல்லி ஆரம்பித்தேன்.

“முதல் நாள் காலை. அவைப்புலவர் வேம்பன் வந்தார். தாம் எழுதிய வெண்பாவை ஆசிரியரிடம் காட்டினார். தளை தட்டிய நான்கு இடங்களை ஆசிரியர் திருத்திக் கொடுத்தார். புலவர் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து அதை மனப்பாடம் செய்தார். பிறகு ‘இந்தக் கணத்தில் தோன்றியது, அரசே’ என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.”

அவை அதிர்ந்து சிரித்தது. அந்தக் கண்கள் மாணவர்களை மட்டும்தான் பார்க்கும் என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். அந்த வெண்பாவுக்குத்தான் அரசர் எனக்குப் பட்டு போர்த்தியிருந்தார். இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் இருபது நொடியில் போயிற்று. அடுத்த ஓலையை எடுத்தேன்.

“இரண்டாம் நாள். அமைச்சர் அநந்தராயர் வந்தார். ஆசிரியரிடம் தனியாக ழகரம் பழகினார். ‘அரசர் வாழ்க’ என்று பத்து முறை சொன்னார். பத்து முறையும் ‘வால்க’ என்றே வந்தது.”

“இதெல்லாம் எதற்கு?” என்று அமைச்சர் எழுந்தார்.

“ஆணை, ஐயா. மூன்றாம் நாள். விடிகிற நேரம். அரச...”

அங்கே ஓலை முடிந்தது. அடுத்ததை நான் மிக நிதானமாக எடுத்தேன்.

“நிறுத்தும்” என்றார் அரசர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஓரெழுத்து விடாமல்...”

“ஆணையை மாற்றுகிறேன். கட்டும் அதை.” நான் ஓலைகளைக் கட்டியதும் கேட்டார். “அந்த மாணவன் பாயில் என்ன இருந்தது?”

“நானே பிரித்துப் பார்த்தேன். சுவடி இல்லை, அரசே. மற்றது அவனுடைய சொந்த விஷயம்.”

அரசர் மேலே கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஆதிச்சன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

“அப்படியானால் சுவடிகளை எப்படிக் காப்பது?”

“சுவடி அறை வாசலில் இரண்டு பேர், வெளிவாயிலில் இரண்டு பேர் போதும். ஒளியாமல், எல்லாரும் பார்க்கும்படி நிற்கட்டும். அவர்கள் எழுதுவது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். சுவடி தொலைந்த நாளின் ஓலையை மட்டும் ஆசிரியர் முன்னிலையில் பிரிக்கலாம். மற்றது மாதம் முடிந்ததும் அடுப்புக்கு.”

துளைகளை அடைத்தார்கள். ஐந்தாம் நாளே விறகு கொண்டுவருகிறவன் திரும்பிப் போகும்போது வாயிலில் சிக்கினான். காலிக் கூடைக்கு அடியில், முன்பே எடுத்து விறகுக் குவியலில் ஒளித்து வைத்திருந்த இரண்டு மருத்துவச் சுவடிகள். நாற்பது கண்ணும் உள்ளே பாயைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவன் போகிற வழியில் ஒரு கண்கூட இல்லை.

அன்று மாலை அரசர் என்னைத் தனியாக அழைத்தார்.

“வேம்பரே, அந்த மூன்றாம் நாள் ஓலையில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது?”

அவையில் படிக்காமல் விட்ட அடுத்த ஓலையை நீட்டினேன். வாங்கிப் படித்தார். “‘மரத்தடியில் ஒரு வெள்ளாடு தழை தின்றது.’ இது என்ன?”

“முந்தின ஓலையோடு சேர்த்துப் படியுங்கள், அரசே. அரசமரத்தடியில்.”

அரசர் என்னையே பார்த்தார். “அப்படியென்றால், நான் அங்கே செய்ததை யாருமே பார்க்கவில்லையா?”

“யாரும் பார்க்கவில்லை, அரசே. ஏதோ செய்தீர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.”

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எனக்குப் பரிசாகக் கொடுத்தார். கூடவே, இனி விடிகிற நேரத்தில் நான் கல்விச்சாலைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று ஓர் ஆணையும் கொடுத்தார்.