வஞ்சி தைத்த தோல் தூளி

ஒரு காட்டில், அருவிக்கு இந்தக் கரையில், வஞ்சி என்று ஒரு மந்தி இருந்தாள். அவளுக்கு இரட்டைக் குட்டிகள். மூத்தவன் துடுக்கன். அம்மா வயிற்றைப் பிடித்தால் பிடித்ததுதான், விடவே மாட்டான். இளையவன் பஞ்சு. பூஞ்சை உடம்பு. எதைப் பிடித்தாலும் கொஞ்ச நேரத்தில் கை நழுவிவிடும்.

மழைக்காலம் தொடங்கினால் இந்தக் கரையில் குரங்குகளுக்கு இடம் கிடையாது. கூட்டம் முழுக்க அருவிக்கு மேலே ஒரே தாவலாகத் தாவி எதிர்மலைக்குப் போய்விடும். கீழே பார்த்தால் பாறை, பாறைக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீர்.

"துடுக்கன் வயிற்றைக் கட்டிக்கொள்வான். இந்தப் பஞ்சுவை எப்படிக் கொண்டுபோவேன்? ஒருத்தனை விட்டுவிட்டுத் திரும்பி வந்து எடுக்கலாம் என்றால், விட்ட இடத்தில் சிறுத்தை அல்லவா உட்கார்ந்திருக்கும்!" வஞ்சிக்குத் தின்னும் பழம்கூட இறங்கவில்லை.

காட்டோரத்தில் ஒரு பாழுங்கிணறு. முன்பு மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த தோல் பை ஒன்று அங்கே கிடந்தது. ஒருநாள் குட்டிகள் அதை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு அதற்குள் புகுந்து தூங்கியே போனான். வஞ்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். 'இதில் ஒரு தூளி தைத்தால் என்ன? முதுகில் மாட்டிக்கொண்டு தாவிவிடலாமே!'

ஆனால் தோல் வேலை அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன? தெரிந்தவர்களைக் கேட்டால் ஆயிற்று.

அந்தக் காட்டில் கைவேலைப் பிரியர்கள் சிலர் உண்டு. இரை தேடும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, சாயங்காலம் நாவல் மரத்தடியில் கூடுவார்கள். யாருக்கும் அது பிழைப்பு இல்லை, ஆசைக்குச் செய்வது. மரங்கொத்தி பட்டையில் ஓட்டை போட்டுக் கோலம் செய்யும். சிலந்தி விதவிதமாக வலை நெய்யும். முள்ளம்பன்றி தோல் வார் பின்னும். கிளிக்கு எந்த வேலையும் தெரியாது. ஆனால் பாராட்டத் தெரியும்.

வஞ்சி தோலைக் கொண்டுவந்து நடுவில் போட்டாள். அது விறைத்துப்போய், தட்டினால் முறம்போலச் சத்தம் போட்டது.

"இதை ஊறவை. பிழி. புங்க எண்ணெய் தடவி நிழலில் காயவை. வெயிலில் போட்டாயோ, அப்பளம்தான்" என்றது முள்ளம்பன்றி. அது எப்போதும் அப்படித்தான் பேசும். நீட்டி முழக்காது, இனிப்பும் தடவாது.

வஞ்சி அப்படியே செய்தாள். நான்கு நாளில் தோல் இலவம்பஞ்சுத் தலையணைபோல மெத்தென்று ஆகிவிட்டது. அடுத்த சாயங்காலம் ஓடி வந்தாள்.

"இனி தோளில் மாட்ட வார் வைத்துத் தைக்கணும். எப்படித் தைக்கிறது, சொல்லுங்க!"

"கற்றாழை நார் எடுத்துத் தேன்மெழுகு தடவிக்கோ. ஊசிக்கு என் முள் ஒன்று தருகிறேன்" என்றது முள்ளம்பன்றி.

"ஓட்டை நான் போட்டுத் தருகிறேன்!" என்று மரங்கொத்தி சிறகை அடித்துக்கொண்டது. "எத்தனை வேணும்? நூறு? இருநூறு?"

"நெருக்கிப் போடு. நெருக்கமாக நெய்தால்தான் பலம். என் வலையைப் பார், தெரியும்" என்றது சிலந்தி.

வஞ்சிக்கு அது சரியாகப் பட்டது. பெற்ற பிள்ளையைச் சுமக்கப் போகிற தூளி அல்லவா? பத்துத் தையல் போதும் என்கிற இடத்தில் அவள் இருபது போட்டாள். மனசு ஆறவில்லை. இன்னும் இருபது போட்டாள். மரங்கொத்தி டக் டக்கென்று கொத்திக்கொண்டே இருந்தது.

தூளி முடிந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அருமை! அருமை! இப்படி ஒரு தூளியை எங்கேயும் பார்த்ததில்லை!" என்றது கிளி.

"எறும்பு வரிசை மாதிரி தையல்!" என்றது சிலந்தி.

"ஓட்டை யார் போட்டது என்று நினைத்தீங்க?" என்றது மரங்கொத்தி.

முள்ளம்பன்றி வாரை முகர்ந்து பார்த்தது. மெல்ல வளைத்துப் பார்த்தது. "தையல் ரொம்ப நெருக்கம்" என்றது. "ஒரு கல்லை உள்ளே வைத்துத் தொங்கவிட்டுப் பார்."

வஞ்சியின் முகம் சிறுத்துவிட்டது. "புதுத் தூளியில் கல்லா? முள்ளண்ணே, உங்களுக்குக் குறை சொல்லாமல் தூக்கம் வராதா?"

"தொங்கவிட்டுப் பார் என்றுதானே சொன்னேன்."

"நாலு பேர் நல்லா இருக்கு என்கிறபோது, உங்களுக்கு மட்டும் ஏன் பொறுக்கவில்லை?"

கிளி களுக்கென்று சிரித்தது. முள்ளம்பன்றி எழுந்து போய்விட்டது. அப்புறம் இரண்டு நாள் நாவல் மரத்தடிக்கே வரவில்லை.

மேகம் கறுத்தது. மறுவாரம் கூட்டம் கிளம்பப் போகிறது என்று பேச்சு வந்தது. வஞ்சி தூளியைத் தோளில் மாட்டிக்கொண்டு காடெல்லாம் காட்டி வந்தாள். அப்போது எதிரே வந்தது முள்ளம்பன்றி.

"வஞ்சி, ஒரு உதவி வேணும்."

"கல்லைத் தவிர எது வேணுமானாலும் கேளுங்க" என்றாள் வெடுக்கென்று.

"அதோ அந்த உச்சிக் கிளையில் சின்னதாக ஒரு பலா பழுத்திருக்கு. வாசனை ஆளைத் தூக்குது. எனக்கு மரம் ஏற வராது. உன் அருமையான தூளியில் வைத்து இறக்கித் தர்றியா?"

'அருமையான' என்ற சொல் காதில் விழுந்ததும் வஞ்சிக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. "இது ஒரு வேலையா, அண்ணே?" என்றாள். குட்டிகளை முள்ளம்பன்றி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மேலே ஏறினாள். பழத்தைப் பறித்துத் தூளியில் வைத்தாள். முதுகில் மாட்டிக்கொண்டு, இறங்க வாகான அடுத்த மரத்துக்குத் தாவினாள்.

டர்ர்ர்!

வார், தைத்த கோட்டோடு கிழிந்தது. எட்டிப் பிடித்த கிளையில் தொங்கிக்கொண்டே வஞ்சி திரும்பிப் பார்த்தாள். பழம் கிளையில் மோதி, பாறையில் விழுந்து, நான்கு துண்டாகப் பிளந்தது.

"ஐயோ, என் தூளி! ஒரு பழத்தைத் தூக்கத் தெரியாமல் கிழிந்துவிட்டதே! உங்க பழமும் போச்சே, அண்ணே!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள்.

முள்ளம்பன்றி ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"பழம் விழுந்து உடைந்தால் பொறுக்கித் தின்னலாம், வஞ்சி" என்றது.

அவ்வளவுதான் சொன்னது.

வஞ்சி பாறையைப் பார்த்தாள். பக்கத்தில் சுளைப் பிசினைக் கையில் அப்பிக்கொண்டு விளையாடும் பஞ்சுவைப் பார்த்தாள். ஓடிப்போய் அவனைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். வெகுநேரம் கீழே விடவில்லை.

பிறகுதான் கிழிந்த வாரைக் கையில் எடுத்தாள். "நெருக்கமாகத் தைத்ததுதானே, அண்ணே? பிறகு ஏன்?"

"நெய்கிற நூல் ஒன்றோடொன்று சேரச் சேரப் பலம். தோலில் நீ சேர்த்தது நூலை இல்லை, ஓட்டையை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் தோல் இருந்தால்தானே தாங்கும்?"

"பிரித்துத் திரும்பத் தைக்கட்டுமா?"

"தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான். வார் தைத்த விளிம்பை வெட்டி எறி. மிச்சத்தில் தை."

அன்று சாயங்காலம் நாவல் மரத்தடியில் நடந்ததைக் கேட்டுச் சிலந்தி கால்களையெல்லாம் சுருக்கிக்கொண்டது. "நான் பொய் சொல்லவில்லை, வஞ்சி. என் வலையில் ஈதான் விழும். குட்டியைச் சுமந்து நான் பார்த்ததே இல்லையே" என்றது மெதுவாக.

"நீங்க என்ன செய்வீங்க, அக்கா? எதைச் சுமக்கிற வலை என்று நான்தான் கேட்கவில்லை" என்றாள் வஞ்சி.

விளிம்பை வெட்டியதில் தூளி சிறுத்துவிட்டது. பஞ்சு காலை மடக்கினால்தான் உட்காரலாம். இந்த முறை தையலுக்கும் தையலுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்து அளந்தாள். மரங்கொத்தி ஓட்டை போட வந்து, "இவ்வளவுதானா?" என்று ஏமாந்து போயிற்று. தைத்து முடித்ததும் கிளி வாயைத் திறந்தது.

"இருங்க, கிளியக்கா" என்றாள் வஞ்சி. அருவிக்கரைக்குப் போய், பஞ்சுவைவிடக் கனமான ஒரு கல்லைத் தூக்கி வந்தாள். அதைத் தூளியில் வைத்து மூன்று நாள் தொங்கவிட்டாள். போகும்போதும் வரும்போதும் ஆட்டிவிட்டாள். நான்காம் நாள் அதே கல்லைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் தாவினாள்.

முதல் மழை விழுந்த அன்று குரங்குக் கூட்டம் கிளம்பியது. வஞ்சி வயிற்றில் துடுக்கன். முதுகில் தூளி, அதற்குள் காலை மடக்கிக்கொண்டு பஞ்சு. கீழே அருவி இரைந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. தாவினாள்.

எதிர்க்கரையில் கிளையைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே பறந்து வந்த கிளி, "அருமை! அருமை!" என்றது.

"முதலில் முள்ளண்ணனிடம் போய்ச் சொல்லுங்க, அக்கா. தூளி தாங்கியது என்று சொல்லுங்க."

கிளி அருவியைத் தாண்டிப் போயிற்று. மூச்சு வாங்கத் திரும்பி வந்தது.

"கேட்டாயா கூத்தை! அவருக்கு அது போதாதாம். எத்தனை தையல் இளகியிருக்கு என்று எண்ணிப் பார்க்கணுமாம்!"

வஞ்சி வாய்விட்டுச் சிரித்தாள். பஞ்சுவை மெல்ல எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாரை வளைத்து ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தாள்.

"இரண்டு" என்றாள். "இரண்டு இளகியிருக்கு என்று சொல்லுங்க." சொல்லிக்கொண்டே முள் ஊசியைக் கையில் எடுத்தாள்.

நீதி: செய்த வேலையைப் பாராட்டுகிறவரைவிட, அது எங்கே அறுந்துபோகும் என்று காட்டித் தருகிறவரே நல்ல தோழர்.