தலைக்கு மேல் ஒரு தலை

சடையப்பன் என்ற கரடிக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மேல்மலையில் மழை கொட்டியிருந்தது. கோடை முழுக்க வெறும் மணலாகக் கிடந்த காட்டாற்றில் இன்று புதுத்தண்ணீர் வரப்போகிறது!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுத்தண்ணீர் வருகிற நாளில் எல்லா விலங்குகளும் கரையில் கூடிவிடும். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வளைவில் திரும்பியதும், யானைகள் தும்பிக்கையைத் தூக்கும். குரங்குகளும் கரடிகளும் இரண்டு கைகளையும் தூக்கும். எல்லாம் சேர்ந்து கூவி வரவேற்கும். இதில் சடையப்பனை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு காலில் நிமிர்ந்து, கைகளை வானத்துக்கு நீட்டி அது போடும் கூச்சலில் மரத்தில் இருக்கும் பறவைகள் எல்லாம் பறந்துவிடும்.

அதன் மனைவி ஈசலியின் காலில் முள் ஏறியிருந்தது. நடக்க முடியவில்லை. குட்டி பொட்டுவை எப்போதும் முதுகில் சுமப்பது ஈசலிதான். இன்று அந்த வேலை சடையப்பனுக்கு வந்தது.

"இந்தாங்க, நாலு காலில் குனிஞ்சே போங்க. புள்ள முடியைப் புடிச்சிக்கும். வழியில கிளை பாத்து!" என்றது ஈசலி.

"எனக்குத் தெரியாதா? நீ காலை நீட்டிப் படு!" என்றது சடையப்பன்.

குகை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நல்ல பிள்ளையாகக் குனிந்துதான் நடந்தது. வழியில் ஒரு நரி எதிர்ப்பட்டது.

"அடடா! அண்ணனா இது? யானை மேல ராசா வர்ற மாதிரி நம்ம அண்ணன் மேல சின்ன அண்ணன் வர்றாரே!" என்றது நரி. "ஆனா ஏன் குனிஞ்சு வர்றீங்க? வயசாயிடுச்சா?"

"யாருக்கு வயசு?" சடையப்பன் சட்டென்று இரண்டு காலில் எழுந்து நின்றது. முதுகில் இருந்த பொட்டு சறுக்கி, எப்படியோ ஏறி, தோளில் உட்கார்ந்துகொண்டது.

"அப்படி நில்லுங்க! இப்பவே ஒரு தடவை கையைத் தூக்கிக் கூவிப் பாருங்களேன். ஆத்தங்கரையில எல்லாரும் அசந்து போகணும்!"

"அப்பா, என் காலைப் புடிச்சிக்குங்க!" என்றது பொட்டு.

"பயப்படாதடா! அப்பா இருக்கேன்ல?" என்று சொல்லிவிட்டு, குட்டியின் காலைப் பிடிக்க வேண்டிய கைகளை மேலே தூக்கியது சடையப்பன். "ஹோ ஹோ ஹோய்!" என்று கூவிக்கொண்டே ஆடி ஆடி நடந்தது. நரி பின்னாலேயே வந்தது. அதன் கண் தோளை விட்டு நகரவில்லை. குட்டி எப்போது விழும் என்பதுதான் அதன் கணக்கு.

வழியில் ஒரு மருத மரம் இருந்தது. அதன் கிளை ஒன்று பாதைக்குக் குறுக்கே தாழ்ந்திருந்தது. சடையப்பன் தன் தலைக்கு எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு சரியாகக் குனிந்தது. தன் தலைக்கு மேல் இன்னொரு தலை இருப்பது அதற்கு நினைவில் இல்லை!

கிளை பொட்டுவின் நெஞ்சில் இடித்தது. குட்டி நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. "அப்பா! அப்பா!" என்று அலறியது. சடையப்பன் போட்ட கூச்சலில் அது எங்கே காதில் விழும்? அடர்ந்த முடிக்குப் பாரம் குறைந்ததும் தெரியவில்லை. புகழ்ச்சியில் உச்சி குளிர்ந்திருந்த அதற்கு வேறெதுவும் உறைக்கவில்லை. ஆட்டம் போட்டுக்கொண்டே ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

கரையில் ஒரு மந்தி தன் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, பொட்டு வரலியா?"

"கண்ணு தெரியலையா? என் தோள்ல யாரு இருக்கா பாரு!"

மந்தி பார்த்தது. திரும்பவும் பார்த்தது. "உங்க தோள்ல யாரும் இல்லியே அண்ணே!"

சடையப்பன் தோளைத் தடவியது. அடுத்த நொடி வந்த வழியே விழுந்தடித்து ஓடியது.

அங்கே நரி மருத மரத்தின் அடியில் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"குதிடா கண்ணு! மாமா புடிச்சிக்கிறேன். தோள்ல வச்சு உங்க அப்பாகிட்டக் கொண்டு போறேன்!"

பொட்டுவின் நகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கின. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கீழே இருப்பது மாமா இல்லை என்பது அதற்குத் தெரியும்.

"நான் ரெண்டு காலில் நிக்கிறவங்க தோள்லதான் ஏறுவேன். உங்களுக்கு நிக்கத் தெரியுமா?" என்றது.

"இது ஒரு பெரிய வித்தையா?" நரி எழுந்து நின்றது. பொத்தென்று விழுந்தது.

"தெரியலியே!"

"இரு, இரு!" மறுபடி நின்றது. மறுபடி விழுந்தது. வீம்பு ஏறிவிட்டது. மரத்தில் முதுகைச் சாய்த்து ஒருவழியாக நின்றுவிட்டது. "இப்ப?"

"கையை யாரு தூக்குறது? எங்கப்பா ரெண்டு கையையும் தூக்குவாரே!"

நரி இரண்டு கைகளையும் தூக்கியது. அந்த நேரம் பார்த்து சடையப்பன் வந்து சேர்ந்தது! விட்ட ஓர் அறையில் நரி புதருக்குள் உருண்டது. எழுந்து திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது.

நகம் வழுக்கி விழுந்த பொட்டு, அப்பாவின் கைகளில் வந்து விழுந்தது.

சடையப்பன் குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதது. "உன்னை விட்டுட்டு வந்ததுகூடத் தெரியாம ஆடிட்டிருந்தேனே! இனிமே உன்னைத் தூக்கவே மாட்டேன். கையைப் புடிச்சிக்க, நடந்தே வீட்டுக்குப் போவோம்."

"அப்ப புதுத்தண்ணி?" என்றது பொட்டு. "என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதுப்பா. தூக்குங்க! ஆனா அம்மா மாதிரி தூக்குங்க."

சடையப்பன் நாலு காலில் குனிந்தது. பொட்டு முதுகு முடியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கிளைக்கும் சடையப்பன் நின்றது. "தலை இடிக்குதா? இன்னும் குனியட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு நடந்தது. சில இடங்களில் வயிறு தரையில் உரசியது.

கரையில் ஒரே கூட்டம். குட்டிக்கு யானைகளின் கால்கள்தான் தெரிந்தன. சடையப்பன் மேடான ஓர் இடத்தில் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தது. குட்டியைத் தோளில் ஏற்றி, இரண்டு கைகளாலும் அதன் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டது.

தூரத்தில் இரைச்சல் கேட்டது. நுரையும் சருகுமாகத் தண்ணீர் வளைவில் திரும்பியது!

"வந்திருச்சு! வந்திருச்சு!" பொட்டுதான் முதலில் பார்த்தது. காடே கூவியது. தும்பிக்கைகள் எழுந்தன, கைகள் எழுந்தன. ஒரு கரடியின் கைகள் மட்டும் எழவில்லை.

"என்ன அண்ணே, நீங்க கையைத் தூக்கலியா?" மந்தி ஆச்சரியமாகக் கேட்டது.

"கைக்கு வேலை இருக்கு!" என்றது சடையப்பன்.

அதன் தலைக்கு மேல் இரண்டு சின்னக் கைகளை வானத்துக்கு நீட்டி, "ஹோ ஹோ ஹோய்!" என்று கூவியது பொட்டு.

நீதி: பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டவரின் உயரம் பிள்ளையின் தலை வரைக்கும்; அவர் கைகளோ பிள்ளை இறங்கும் வரைக்கும் பிள்ளைக்கே சொந்தம்.