ஸ்ட்ரைக்கருக்கு ஒரு வீடு

“ஒரு பொண்ணு கையைப் பிடிச்சான்னு சொன்னதும், கோல் போடுற காலை வெளியே உட்கார வைக்க முடியுமா?” கிளப் தலைவர் வின்சென்ட் மறுபடியும் அதையே கேட்டார்.

கடல்பனி மைதானத்துக்குள் மெல்ல வந்து கோல்கம்பங்களைக் கரைத்துக்கொண்டிருந்தது. அந்த வெண்மைக்குள் ரசிகர்கள் எல்லாரும் தூக்கத்தில் இருப்பவர்கள்போலத் தலையாட்டினார்கள்.

அணிக்குச் சமைக்கும் மெற்றில்டாவின் தலை மட்டும் ஆடவில்லை. வெளியூர் ஆட்டக்காரர்களை வீடுகளில் தங்கவைப்பது அந்தக் கடலோர ஊர் வழக்கம். ஸ்ட்ரைக்கர் சுனில் தங்கியது அவள் வீட்டில். பிடித்தது அவள் மகளின் கையை.

“சாட்சி உண்டா மெற்றில்டா? பையன் சொக்கத்தங்கம். பைனல்ல ஆடத்தான் செய்வான்.”

“ஆடட்டும் தலைவரே. தங்கத்தை என் ஓட்டு வீட்டுலயா வைக்கிறது? பைனல் வரைக்கும் உங்க மாடியில இருக்கட்டும்.”

“அதெப்படி, வீட்ல வயசுப் பிள்ளைக இருக்கே.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பின்னால் சிரித்த ஒருவன், மெற்றில்டா தன் பக்கம் திரும்பியதும் கண்ணைக் கடலுக்குக் கொண்டுபோனான்.

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சுனிலின் பையைத் தூக்கி நீட்டினாள். பனிக்குள் தலைகள் ஒவ்வொன்றாக மங்கின.

“அவன்மேல தப்பில்லைன்னு தலையாட்டின அண்ணன் யாராவது வாங்கிட்டுப் போங்க. பை கனக்குது.”